இஸ்ஹாக் நாநாவின் கண்ணகப்பை

கற்பிட்டிப் பக்கம், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய ஹோட்டல் ஒன்றிலிருந்து போன மாதம் ஒரு மனேஜர் என்னைத் தேடித் தில்லையடிக்கு வந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் 'பாரம்பரிய மூலை' என்று ஒன்று வைக்கப்போகிறார்களாம். அம்மி, உரல், தேங்காய் திருவலை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார்கள். பழைய கலியாணச் சமையல்காரர்களின் பெரிய கண்ணகப்பை ஒன்றும், அதைப் பற்றி ஐந்து வரியும் வேண்டும் என்றார். ஐந்து வரியில் 'ஆன்மிகம்' என்ற சொல் கட்டாயம் வரவேண்டுமாம். அந்தச் சொல் வராவிட்டால் வெள்ளைக்காரர் படமெடுக்க மாட்டார் போலிருக்கிறது.

"ஐந்து வரிக்குள் அடங்காது மகன்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

கண்ணகப்பை என்பது வேறொன்றுமில்லை, ஓட்டைக் கரண்டிதான். வீட்டுக் குசினியில் வடை பொரித்தெடுக்க இருக்குமே, அதன் தகப்பன். எங்கள் தொழிலில் இருந்தது கைப்பிடியோடு ஒரு ஆளின் நெஞ்சு உயரம் வரும். தலைப்பக்கம் சாப்பாட்டுக் கோப்பை அளவு. எலும்பு அவியும்போது மேலே திரளும் நுரையை வழிக்க, நெய்யில் பொரியும் வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்த நொடியில் அள்ள, எல்லாவற்றுக்கும் மேலாகப் புரியாணிக்குச் சோற்றைக் கொதிநீரிலிருந்து எடுக்க, இது இல்லாமல் ஆகாது. மண்வெட்டி மாதிரிக் குத்தினால் அரிசி முறியும். ஓரத்தால் சரித்து இறக்கி, அடியில் தட்டையாக்கி, மெதுவாகத் தூக்கி, இரண்டு உதறு. அவ்வளவுதான் வித்தை. இதைக் கற்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதில் இரண்டேமுக்கால் வருடம் வெங்காயம் உரித்தேன்; மிச்சக் காலம் பார்த்துக்கொண்டு நின்றேன். பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

சொல்ல வேண்டியது என் தலைவர் இஸ்ஹாக் நாநாவைப் பற்றி. நாநா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

புத்தளத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய இடத்துக் கலியாணம் என்றால் இஸ்ஹாக் நாநாவின் கூட்டம்தான். நாங்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் வேலை செய்வோம். அவர் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தொப்பி. விறகுப் புகைக்கு நடுவே நாள் முழுக்க இருந்தாலும் சேட்டில் ஒரு கரிப்பொட்டு இராது. எங்களுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகும். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார்.

அவருடைய கண்ணகப்பை பித்தளை. பச்சைத் துணியில் சுற்றி, தோளில் சாய்த்து, தானே கொண்டுவருவார். வேறொருவர் தொடக்கூடாது. கலியாண வீட்டு வாசலில் வீட்டுக்காரர் தலையை மூடிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அதை வாங்கி, திரும்ப அவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அதற்கென்று ஒரு புதுப்பாய் விரிக்க வேண்டும். எங்களுக்குச் சாக்கு, கரண்டிக்குப் பாய். அதில் நாற்பத்தொரு கண் இருப்பதாகவும், கடல் தாண்டி ஒரு பெரியவரின் அடக்கத்தலத்திலிருந்து அது தன் கைக்கு வந்ததாகவும் சொல்வார். நான் ஒருநாள் அவர் தொழப்போன நேரம் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு. இரண்டாம் தரமும் முப்பத்தேழுதான் வந்தது. ஆரிடமும் சொல்லவில்லை. மிச்ச நாலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாக இருக்கலாம்.

கைப்பிடியை மட்டும் கழுவவே விடமாட்டார். "தலையக் கழுவு. கைப்பிடியத் தேய்க்காத. பரக்கத்து போயிரும்" என்பார்; அருள் போய்விடுமாம். அதனால் தலை பொன்னாக மின்னும். கைப்பிடி அடுப்புக்கல் மாதிரிக் கறுத்துக் கிடக்கும்.

வீட்டுக்காரர் வந்து, "நாநா, சமையல் எப்புடி வரும்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. வெற்றிலையை மென்று முடித்து, துப்பி, வாயைத் துடைத்து,

"சமைக்கிறது நான் இல்ல ஹாஜியார்" என்பார்.

"பின்ன ஆரு?"

பாயில் கிடக்கும் கரண்டியை ஒருதரம் பார்ப்பார். வீட்டுக்காரர் உருகிப் போவார். விடிகாலை மூன்று மணியிலிருந்து நெருப்போடு மல்லுக்கட்டும் நாங்கள் பதினொரு பேரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு பரவி, கரண்டிக்குச் சமையல் அல்லாத உத்தியோகங்களும் வந்து சேர்ந்தன. கலியாணப் பெண்ணின் தலைக்கு மேல் கரண்டியைப் பிடித்து, கண்கள் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் கண்ணூறு போகும் என்றார்கள். பேச்சு வராத பிள்ளைக்கு ஊற்றினார்கள். கறக்காத மாட்டுக்கு ஊற்றினார்கள். எங்கள் கூட்டத்தில் நெருப்புப் பார்த்த பிலிப்பு அண்ணன் கற்பிட்டிப் பக்கத்து வேதக்காரர்; ஞாயிற்றுக்கிழமை பூசை தப்பாதவர். அவரே ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நஸார், என்ர மச்சான்ர வள்ளத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதில்ல. ஒரு போத்தல் தண்ணி அதுக்குள்ளால ஊத்தித் தாவன்" என்றார். கொடுத்தேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. பெற்றோல் குழாயில் அடைப்பு என்று பிறகு தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க வைத்ததே அந்தத் தண்ணிதான் என்று பிலிப்பு அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய பள்ளி மௌலவி வெள்ளிக்கிழமைப் பயானில் இரண்டு தரம் இதைக் கண்டித்தார். மார்க்கத்தில் இப்படி ஒன்றுமில்லை, சோறு அள்ளுகிற சாமானை வைத்துக் கூத்துக் காட்டாதீர்கள் என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேர் தண்ணிக்கு வந்தார்கள்.

ஒருமுறை முன்னேஸ்வரம் திருவிழாக் கடைத்தெருவில் நல்ல இரும்புக் கண்ணகப்பை ஒன்றைக் கண்டு வாங்கிவந்தேன். அவசரத்துக்கு இன்னொன்று இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். இஸ்ஹாக் நாநா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு பந்தல்ல ரெண்டு கண்ணகப்பை கூடாது. வீட்ட கொண்டு போய் ஒன்ட பொஞ்சாதிக்கிட்டக் குடு. அப்பளம் பொரிக்கட்டும்" என்றார். அடுத்த கலியாணத்தில் ஊருக்குக் கேட்கும்படி இன்னொன்றையும் சொல்லிவைத்தார். இந்தக் கரண்டி இல்லாமல் தன் கை சோறு எடுக்காதாம்.

அந்தச் சொல்தான் அவரைப் பிடித்தது.

இறால் பண்ணை வைத்திருந்த ஒரு ஹாஜியாரின் ஒரே மகளுக்குக் கலியாணம். பெயர் வேண்டாம், பண்ணை ஹாஜியார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. மூன்று கிடாரத்தில், பெரிய அண்டாக்களில், இறைச்சி மசாலாவோடு மெல்லிய நெருப்பில் காத்திருந்தது. பக்கத்தில் வேறு மூன்று கிடாரத்தில் கறுவா, ஏலம், ரம்பை போட்டுத் தண்ணீர் கொதித்தது. அரிசியை மூன்றிலும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. முதலாவதை எடுத்து இறைச்சிக்கு மேல் பரப்பி மூடி, மாவால் வாய் ஒட்டி, மேலே தணல் போடுவதற்குள் இரண்டாவது பதத்துக்கு வர வேண்டும், பிறகு மூன்றாவது. பதம் பார்ப்பது எப்படியென்றால், ஒரு சோற்றை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்க வேண்டும். வெளிப்பக்கம் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை நிற்க வேண்டும். அந்த வெள்ளை நிற்கிற நேரம் கொஞ்சம்தான். ஒருவர் வெற்றிலை மடித்து வாயில் வைப்பதற்குள் போய்விடும்.

முதல் கிடாரத்தில் அரிசி போட்டு, இடைவெளி விட்டு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் போட்டாயிற்று. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஆள் வந்தது. பெண்ணின் தலைக்குத் தண்ணி ஊற்றக் கரண்டி வேண்டுமாம். ஹாஜியாரின் உம்மா கேட்கிறாவாம். அந்த வீட்டில் அவர் கேட்டு இல்லையென்று சொன்னவர் ஒருவருமில்லை. இஸ்ஹாக் நாநாவுக்கும் சொல்ல வாய் வரவில்லை. "சுருக்கா தந்துருங்க" என்று பச்சைத் துணியோடு கொடுத்துவிட்டார்.

முதலாவதில் நான் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். உள்ளே ஆளனுப்பினேன். "பொண்ணுக்கு ஊத்தியாச்சு, இப்ப சாச்சிட மகளுக்கு" என்று பதில் வந்தது. மறுபடி நசுக்கினேன். ஊசிமுனை. மறுபடி ஆளனுப்பினேன். "இன்னும் மூணு பேர் இருக்கி."

"நாநா, பதம் வந்திட்டு" என்றேன்.

இஸ்ஹாக் நாநா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். உதடு அசைந்தது.

"நாநா! பெரிய அகப்பையால அள்ளவா?"

"அது வரும்" என்றார்.

"வரக்குள்ள இது கஞ்சியாயிரும்!"

"அது இல்லாம கை எடுக்காது." கண்ணைத் திறக்கவில்லை.

பந்தல் ஓரத்தில் ஹாஜியாரின் தம்பிமார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் அந்தப் பெரிய சொல்லைச் சொல்லியிருந்தார். இப்போது வேறு கரண்டியைத் தொட்டால் இருபது வருடத்துக் கதை சரிந்துவிடும். எண்ணூறு பேர் சோறா, கதையா என்று வந்தபோது மனிசன் கதையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிலிப்பு அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இரண்டாவது கிடாரத்துக்கு அடியிலிருந்து எரிகிற விறகுகளை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். "மற்ற ரெண்டையும் நான் அமத்திறன். நீ ஏதாவது செய்" என்றார். பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன ஆணிப் பெட்டி கிடந்தது. பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சோறு வைக்கிற பெரிய அலுமினியத் தட்டம் ஒன்றை மண்மூட்டையில் கவிழ்த்துப் போட்டு, நாலங்குல ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வரிசை ஒழுங்கெல்லாம் பார்க்கவில்லை. ஐம்பது அறுபது ஓட்டை இருக்கும். நாற்பத்தொன்றுக்கு மேல் என்பது நிச்சயம். இரண்டு பக்கமும் சாக்குத் துணியைச் சுற்றி, நானும் இன்னொருவருமாகப் பிடித்து முதல் கிடாரத்துக்குள் இறக்கினோம்.

முதல் கிடாரம் போய்விட்டிருந்தது. தூக்கியபோது சோறு வரவில்லை, கூழ் வந்தது.

விட்டுவிட்டு இரண்டாவதுக்கு ஓடினோம். அதில் ஊசிமுனை நின்றது. ஆணி அடித்த ஓட்டைகளின் விளிம்பில் கை கிழிந்தாலும் சோறு முறியாமல் வந்தது. மூன்றாவதும் வந்தது. பரப்பி, மூடி, மாவால் ஒட்டி, தணல் போட்டுவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையிரண்டிலும் தோல் வெந்திருந்தது. பிலிப்பு அண்ணன் கூழாய்ப்போன கிடாரத்தில் தேங்காய்ப்பால் விட்டு, அந்தப் பங்கு இறைச்சியையும் கொட்டிக் கிண்டி, இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சியாக்கினார். பண்ணையில் வேலை செய்த ஆட்களைக் கடைசிப் பந்தியில் வைப்பதாகத்தான் ஏற்பாடு. சோறு குறைந்ததால் அவர்களுக்கு முதலிலேயே கஞ்சி கொடுத்து அனுப்பினோம். எண்ணூறு பேரில் சூடாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சாப்பாடு முடிந்த பிறகு ஹாஜியார் வந்தார். ஒரு கிடாரம் என்ன ஆனது என்று கேட்டார்.

இஸ்ஹாக் நாநா வாயைத் துடைத்தார். "நஸார்ட கவனம் பிசகிட்டு ஹாஜியார். மத்த ரெண்டும் தப்பினது கரண்டி வீட்டுக்குள்ள இருந்த பரக்கத்து."

நான் வாயைத் திறக்குமுன் ஹாஜியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்படிப்பட்ட ஆளை எங்கட வீட்டுக்குக் கூட்டிவராதீங்க நாநா" என்றார். பண்ணை ஹாஜியார் வேண்டாம் என்ற ஆளை அந்தக் கரையில் வேறு யாரும் வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

கரண்டியை வாங்கிவரப் பின்வாசலுக்குப் போனேன். ஹாஜியாரின் உம்மாவே அதைக் கொண்டுவந்து தந்தார். "கைப்பிடி என்ன இப்புடி கரி புடிச்சிக் கிடக்கு? பொண்ணுட தலைக்குப் பிடிக்கிறதுக்கு இதையா குடுக்குற? புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்ப் பொச்சால நல்லாத் தேய்ச்சிட்டேன் மகன்" என்றார். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்திரம்" என்று சொல்லி உள்ளே போனார்.

கிணற்றடிக்கு வந்து துணியை விலக்கினேன். கைப்பிடி பளபளத்தது. தலைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே சிங்கள எழுத்தில் குத்தியிருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். 'பந்தனாகார' என்றிருந்தது. சிறைச்சாலை. அதற்கும் கீழே, குசினி, இலக்கம் நாலு.

நிமிர்ந்து பார்த்தால் இஸ்ஹாக் நாநா நின்றார். நான் வாசித்துவிட்டேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேட்டின் முதுகு முழுக்க வியர்த்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. முத்திரை மேலே தெரியும்படி கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "நாநா, அந்தக் கிடாரம் யாருட பிழை?" என்று கேட்டேன்.



"பீடி இலை வள்ளம்" என்றார். "எனக்கு இருபத்திரண்டு வயசு. அக்கரையில இருந்து கள்ளமாக் கொண்டு வரக்குள்ள நேவி புடிச்சான். மூணு வருசம். உள்ள குசினியிலதான் போட்டாங்க. ஆயிரம் பேருக்கு ஆக்குறது அங்கதான் படிச்சேன். வெளிய வந்து, சமைக்கத் தெரியும் எண்டு வீடு வீடாப் போனேன். ஜெயில்ல இருந்து வந்தவன் கையால கலியாணச் சோறா எண்டு கதவச் சாத்தினாங்க. வேற ஊருக்கு வந்தேன். இங்க வந்து கரண்டிக்கு ஒரு கதை செஞ்சேன். கதவு தொறந்திச்சு."

"கரண்டி எப்புடி வெளிய வந்திச்சு?"

"அத மட்டும் கேக்காத" என்றார். அதில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"இண்டைக்குக் கண்ண மூடிட்டு ஓதிக்கிட்டா இருந்தீங்க?"

"எங்க ஓதுற? என்ன செய்றதுண்டு தெரியாம நடுங்கிட்டு இருந்தேன்."

பிறகு எழுந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கவில்லை. நேராகப் பந்தலுக்குப் போய், ஹாஜியாரும் தம்பிமாரும் இருந்த இடத்தில் நின்று, "ஹாஜியார், கிடாரம் போனது என்ட பிழை. நஸார் ரெண்டு தரம் செல்லினான், நான்தான் கேக்கல்ல. மத்த ரெண்டையும் காப்பாத்தினது அவன்ட கை. பாருங்க, வெந்து கிடக்கு" என்றார். அவர் வாயிலிருந்து 'என்ட பிழை' என்று வந்ததைக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

ஹாஜியார் தடுமாறிப் போனார். "பரவாயில்ல நாநா. எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி தந்தாங்க. புரியாணியை விட அது நல்லாத்தான் இருந்திச்சி" என்றார்.

அன்றைக்கு மாலையே அடுப்புக்கரியையும் எண்ணெயையும் குழைத்துக் கைப்பிடியில் பூசி, தணலில் காட்டி, எழுத்தை மூடிக் கொடுத்தேன். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வேலை செய்தேன். அவர் கதிரையில் இருந்தார். கரண்டி பாயில் கிடந்தது. நான் சோறு எடுத்தேன். தண்ணிக்கு வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமை. இந்த ஊரையே ஆட்டிவைக்கிற உண்மை ஒன்று என் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு என்னிடம் மட்டும் இருக்கிறது என்று. என் மனைவி ரஹ்மத்திடம்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனிசன் நான்!

இஸ்ஹாக் நாநா நல்லபடியாக மௌத்தானார். கூட்டம் கலைந்தது. எல்லாரும் ஒரேமாதிரித் தொப்பி போட்ட கேட்டரிங் கம்பனிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் வேலையை விட்டேன். கரண்டி இஸ்ஹாக் நாநாவின் மகள் பரீதாவின் வீட்டுக்குப் போனது. அவளுடைய மாப்பிள்ளை முஸம்மில் பைசிக்கிள் திருத்துகிறவர். கள்ளம் கபடம் தெரியாத மனிசர். மாமனார் சொன்னது ஒவ்வொன்றையும் அப்படியே நம்பியவர். கண்ணாடி அலுமாரி செய்து, உள்ளே வெல்வெட் துணி விரித்து, சின்ன லைட்டும் போட்டுக் கரண்டியை நிறுத்தினார். வருகிறவர்களுக்குத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒரு சதமும் வாங்கமாட்டார். அதனால் வரிசை இன்னும் நீண்டது.

ஒரு மழைக்காலம். பரீதாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று ரஹ்மத் வந்து சொன்னாள். தெருவில் டெங்கு பரவியிருந்த நேரம். இருவருமாகப் போனோம். பரீதா பாயில் சுருண்டு கிடந்தாள். பல்முரசில் இரத்தம் கசிவதாக ரஹ்மத் வெளியே வந்து என் காதில் சொன்னாள். முஸம்மில் தலைமாட்டில் ஒரு வாளியும் கையில் கரண்டியுமாக நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"நேத்தே குறைஞ்சிட்டு சாச்சா. தண்ணி ஊத்தினேன். இண்டைக்கும் ரெண்டு தரம் ஊத்தினாச் சரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே இவளை டொக்டருக்கிட்டக் கொண்டு போனா, நாளைக்கு வாற சனத்துக்கு என்ன பதில் செல்ற?" என்றார்.

எனக்குக் கிடாரத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். செத்துப்போன மனிசனின் மானம் ஒரு பக்கம். அவருடைய மகளின் உயிர் ஒரு பக்கம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"முஸம்மில், அது அடக்கத்தலத்துக் கரண்டி இல்ல. ஜெயில் குசினிக் கரண்டி. ஒங்கட மாமா பீடி இலை வழக்கில மூணு வருசம் உள்ள இருந்தவர். கைப்பிடியச் சுரண்டிப் பாருங்க, எழுதியிருக்கி."

முஸம்மில் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மௌத்தானவரப் பத்தி இப்புடிப் பேசுறீங்களே சாச்சா! அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?" என்று கத்தினார்.

அப்போது அறைக்குள்ளிருந்து பரீதாவின் குரல் வந்தது. காய்ச்சலில் கரகரத்தது.

"கத்தாதீங்க. சாச்சா செல்றது உண்மைதான்."

குரல் வந்த பக்கம் திரும்பினேன். "ஒனக்குத் தெரியுமா மகள்?"

"உம்மா செல்லியிருக்கா. பண்ணை ஹாஜியார்ட உம்மா கரண்டியத் தேய்ச்ச அண்டைக்கே வந்து உம்மாக்கிட்டக் கேட்டாவாம். கேட்டுட்டு, ஒண்ணும் யோசிக்காதீங்க எண்டு செல்லிட்டுப் போனாவாம்." மூச்சு வாங்கினாள். "ஊர்ல பொம்புளைங்க எல்லாருக்கும் தெரியும் சாச்சா. ஆம்புளைங்களுக்குத்தான் செல்லல்ல. நீங்க எல்லாம் மனசு நொந்து போவீங்க எண்டு."

"தெரிஞ்சிக்கிட்டா எல்லாரும் தண்ணிக்கு வந்தாங்க?"

"தண்ணிக்கெண்டு செல்லி வந்தாத்தான் ஒரு மணித்தியாலம் எல்லாரும் ஒண்டா இருந்து கதைக்கலாம். வேற எதுக்கு எண்டா வீட்ட இருந்து உடுவாங்களா?" பிறகு மாப்பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "இந்த மனிசன் ஒருத்தர்தான் உண்மையாவே நம்பினாரு. அவர்ட மனச ஒடைக்க ஏலாம நானும் நாலு நாளாக் கிடந்தேன். இனி ஏலாது. ஆட்டோவுக்கு ஆளனுப்புங்க."

முஸம்மில் கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தானே ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் முஸம்மில். பின்னால் பரீதா, அவளைத் தாங்கிக்கொண்டு ரஹ்மத், மூலையில் நான். உப்பளப் பாதை முழுக்க மழைத்தண்ணீர். பாதி வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரஹ்மத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஒனக்கும் தெரியுமா?"

அவள் வெளியே பார்த்தாள். "ஆட்டோக்காரரப் பாத்துப் போகச் செல்லுங்க. குழி இருக்கி" என்றாள்.

இன்னும் அரை நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். முஸம்மிலைப் பார்த்துச் சிங்களத்தில் நன்றாக ஏசவும் செய்தார். முஸம்மில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆறு நாள் வார்டு வாசலை விட்டு அசையவில்லை. ஏழாம் நாள் பரீதா நடந்து வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு கிழமை கழித்து அவளைப் பார்க்கப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. லைட் எரிந்தது. பின்பக்கத்தில் பரீதா மூன்று கல் வைத்துப் பெரிய தாச்சி ஏற்றி, இஸ்ஹாக் நாநாவின் கண்ணகப்பையால் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். எழுத்து துலக்கமாகத் தெரிந்தது. ஒரு கோப்பையில் அள்ளி என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க சாச்சா. எண்ணெய் நல்லா வடியுது."

வாசலில் யாரோ போத்தலோடு வந்து நின்றார்கள். முஸம்மில் எழுந்து போய் அவர்களிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல நாநா, இனி ஊத்துறதில்ல" என்றார். கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிசர். "கரண்டிக்கு வேலை கிடைச்சிட்டு."